குடைப் படத்தின் கீழே ஒரு கையெழுத்து

1

இந்தக் குறிப்பின் கீழே என் பெயரைப் போடவேண்டாம் என்று இதழ் ஆசிரியருக்கு முதலிலேயே எழுதிவிட்டேன். 'பாரிசுக்குப் பக்கத்திலிருந்து ஒரு புதுவைக்காரர்' என்று போட்டால் போதும். பெரிய காரணம் ஒன்றுமில்லை. இதில் எங்கள் தொகுதிப் பிரமுகர் ஒருவர் வருகிறார். என் தம்பி குணா அவர் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் குடியிருக்கிறான். நானும் வருஷம் தவறாமல் கருவடிக்குப்பத்துக்கு வந்துபோகிறவன். எதற்கு வம்பு?

போன மாதம் என் மகள் லேயாவின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வரலாற்று ஆசிரியை என்னை நேரில் பார்க்க விரும்புகிறாராம். விஷயம், லேயா வரைந்த ஒரு கார்ட்டூன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. லேயாவுக்குப் பதினைந்து வயது. யாரை வரைந்து தொலைத்தாளோ? ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டால் அது பாராட்டுவதற்கு அல்ல. கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்கும் பிரெஞ்சு வாக்கியங்களை நாள் முழுக்க மனப்பாடம் செய்தேன். மாலையில் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பியபோது என் மனைவி மரி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"பொன்னாடை எடுத்துக்கினீங்களா?" என்றாள்.

மரிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை பிறவியிலேயே உண்டு. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். நான் அவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன். அவள் பொன்னாடை என்று சொன்னதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய முடியாது.

2

போன ஆடி மாதம். மரிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் லேயாவும் மட்டும் ஊருக்கு வந்தோம். சென்னை விமான நிலையத்திலிருந்து கார் கடற்கரைச் சாலையில் வந்து கருவடிக்குப்பத்துக்குத் திரும்பியது. திருப்பத்தில் மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். புலி ஒன்றின் முதுகில் கைவைத்தபடி, தலைக்குப் பின்னால் சூரியன் உதிக்க, நம் பிரமுகர் நடந்து வருகிறார். அவர் காலடியில் முட்டை வடிவப் படங்களில் நாற்பது பேர், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காதில் போனை வைத்து ஏதோ அவசரமாகப் பேசுகிறார்கள்.

லேயா காரை நிறுத்தச் சொன்னாள்.

"ப்பா, இங்க கார்ட்டூன் இவ்ளோ பெரிசா ரோட்லயே போடறாங்களா? அவருக்குக் கோவம் வராதா?"

"அது கார்ட்டூன் இல்லம்மா. தேர்த் திருவிழாவுக்கு வாழ்த்து."

"யாரு போட்டது?"

"அவரேதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இன்னும் சூப்பர். தன்னையே கிண்டல் பண்ணிக்கிறாரு."

டிரைவருக்குப் புரையேறியது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

லேயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழ் பேசுவாள், எழுத மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். 'ழ' வந்த வாரம் நின்றுவிட்டாள். ஆனால் கார்ட்டூன் என்றால் உயிர். அவள் பள்ளியில் மாணவர் பத்திரிகை ஒன்று உண்டு. அதில் மாதாமாதம் முதல்வரை வரைகிறாள். முதல்வரும் அதைப் பார்த்துவிட்டு, தன் மூக்கு அவ்வளவு நீளமில்லை என்று மட்டும் சொல்லியனுப்புகிறார். எனக்கு இது எந்த உலகம் என்றே புரிவதில்லை.

குணாவின் தெருவில் அப்போது சாக்கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மழை ஒரு சொட்டு இல்லை, கணுக்கால் வரை தண்ணீர் மட்டும் இருந்தது. வீட்டுக்கு வீடு செங்கல் போட்டு அதன்மேல் தாவித் தாவிப் போனார்கள். வெள்ளைத் துணி போட்ட பாதிரியார் ஒருவர்கூட அப்படித் தாவிப் போனதைப் பார்த்தேன். பிரமுகரிடம் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவர் அந்த வாரம் வந்து வீட்டுக்கு ஒரு குடை கொடுத்தார். வீராம்பட்டினம் தேருக்குப் போகிறவர்கள் வெயில் தாங்க மாட்டார்களே என்ற நல்ல மனசுதான். குடையில் பக்கத்துக்குப் பக்கம் அவருடைய சிரித்த முகம்.

லேயா வாசற்படியில் உட்கார்ந்து வரைந்தாள். ஒரு தெரு, முழங்கால் வரை தண்ணீர். அதில் ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் தலைக்கு மேலும் குடை. எல்லாக் குடையிலும் பிரமுகர் ஈரம்படாமல் சிரிக்கிறார். மேலே ஆகாயத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மீன் ஒன்று மட்டும் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி அண்ணாந்து குடையைப் பார்க்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது, ஏனென்றால் படத்தின் மூலையில் அவள் கோணல்மாணலாகத் தமிழில் 'லேயா' என்று எழுதிக்கொண்டிருந்தாள். குணாவின் மகள் திவ்யாவிடம் எழுத்துக் கேட்டு வாங்கி எழுதினாளாம்.

"தமிழ்ல எதுக்கு?" என்றேன்.

"இங்க இருக்கறவங்க படிக்கணும்ல ப்பா?"

3

எனக்கு ஏன் சிரிப்பு அடங்கியது என்றால், பத்தொன்பது வயதில் நானும் இதே ஊரில் இதே வேலையைச் செய்தவன்.

எங்கள் தெருமுனைப் படிப்பகத்து வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. வாரம் ஒரு படம் சாக்பீஸால் வரைவேன். படிக்க வராத பயல்கள் எல்லாம் அந்தப் படத்தைப் பார்க்க வருவார்கள். பார்த்துவிட்டுச் சண்டை போடுவார்கள். சண்டையில் ஜெயிப்பதற்காகவே உள்ளே போய்ப் பேப்பர் படிப்பார்கள். ஒரு கோடைக்காலத்தில் அந்தக் காலத்துப் பெரிய மனுஷர் ஒருவரைத் தெருக்குழாயாக வரைந்தேன். வாய் திறந்தால் காற்று மட்டும் வருகிற குழாய். கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.

மறுநாள் காலை அப்பா என்னைக் குளிக்கச் சொன்னார். அப்பாவுக்குப் பஞ்சாலை வேலை, அதிகம் பேச மாட்டார். பெரிய மார்க்கெட்டில் ஒரு பொன்னாடையும் இரண்டு எலுமிச்சம்பழமும் வாங்கி என் கையில் கொடுத்து அந்தப் பெரிய மனுஷர் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். "சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான்" என்றார். பெரிய மனுஷர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பிறகு, "கையி நல்லாருக்குதே. நமக்குச் சொவுரு எழுத ஆளு தேவைதான்" என்றார்.

அந்தத் தேர்தல் முடியும்வரை அவர் பெயரைத் தொகுதி முழுக்கச் சுவர் சுவராக எழுதினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது குணா. அவர் ஜெயித்தார். நான் அதற்குப் பிறகு ஒரு கோடு வரையவில்லை.

இது நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. போன வருஷம் இங்கே குடியுரிமைக்கு நேர்காணல் நடந்தது. அதற்கு முன் பிறப்புச் சான்றிதழைப் புதிதாக எடுத்துவரச் சொன்னார்கள். பழையதில் என்ன குறை என்று கேட்டேன். தேதி பழையது என்றார்கள். நான் பிறந்த தேதியே பழையதுதானே, அதை யாரிடம் போய்ச் சொல்ல? நேர்காணலில் அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். கருத்துச் சுதந்திரம் என்றால் என்ன? நான் கையேட்டில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். அச்சமின்றிப் பேசவும் எழுதவும் வரையவும் உள்ள உரிமை. அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு மட்டும் காது சுட்டது.

4

லேயாவின் படத்தைத் திவ்யா போனில் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். காலை பத்து மணிக்கு வைத்தாள். பதினொன்றுக்குப் பிரமுகரின் ஆள் குணாவைக் கூப்பிட்டான்.

"அண்ணன் படத்தப் பாத்துட்டாரு. ஊட்ட உட்டு எங்கயும் போவாதீங்க. நேர்ல வராரு."

குணா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். திவ்யாவுக்குக் கல்லூரியில் சேர இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அலுவலகத்தில் தானே பேசி வாங்கித் தருவதாகப் பிரமுகர் சொல்லி ஒரு மாதமாகிறது. அவர் பேசுவார் என்று இவர்கள் மனுவையே இன்னும் கொடுக்கவில்லை.

"அண்ணே, எதுனா பண்ணு" என்றான் குணா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கடைச் சந்தில் ஒரு பொன்னாடை வாங்கினேன், சரிகை கொஞ்சம் தூக்கலாக. இரண்டு எலுமிச்சம்பழம். கடைக்காரர், "தலைவருக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பும் வழியெல்லாம் 'சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா எப்போது எனக்குள் வந்து குடியேறினார் என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் வெள்ளைக் கார். செங்கல் மேல் தாவி உள்ளே போனேன். பிரமுகர் நாற்காலியில் உட்கார்ந்து, லேயாவின் நோட்டை மடியில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எத்தினி மொகம்" என்றார். "அத்தினியும் நானு. ஜனம் மொத்தமும் என் நெழல்ல நிக்குது. இருவது வருசமா அரசியல்ல இருக்கேன். என்னை இப்புடி யாருமே புரிஞ்சிக்கல."

அவர் படத்தின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னா, கடலா?"

"ஆமாண்ணே" என்றான் குணா, ஒரு நொடி தாமதிக்காமல். "வீராம்பட்டினம் கடலு."

லேயா திருத்துவதற்காக எழுந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

அப்போதுதான் பிரமுகர் என் கையில் இருந்த பொன்னாடையைப் பார்த்தார். பார்த்ததும் எழுந்து, கண்ணை மூடி, குனிந்து கழுத்தைக் கொடுத்தார். எத்தனை மேடை கண்ட கழுத்து! நான் போர்த்தினேன். நான்கு பேர் கைதட்டினார்கள். அவர் அதை எடுத்து, "இது எனக்கில்ல, இந்தக் கலைஞருக்கு" என்று லேயாவின் தோளில் போட்டார். மறுபடி கைதட்டல். மறுவாரம் அவருக்குப் பிறந்த நாள். இந்தப் படத்தைத்தான் பேனராக அடிக்கப்போகிறாராம், இருபது அடிக்கு.

லேயா பொன்னாடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். "நீ எதுக்குப்பா இத வாங்கியாந்த?"

வெயிலுக்கு, என்று ஏதோ சொன்னேன்.

5

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

மறுநாள் குணாவும் நானும் பேனர் அடிக்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் கணினியில் படத்தைத் திறந்து வைத்திருந்தார். "அந்த மூலையில ஒரு கையெழுத்து இருக்குதே, அத மட்டும் எடுத்துடுங்க" என்றேன். என்றைக்காவது யாராவது பிரமுகருக்கு விளக்கிச் சொல்லிவிட்டால்? படம் யாருடையது என்று ஊருக்காவது தெரியாமல் இருப்பது நல்லதில்லையா?

"ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு சார்" என்றார் கடைக்காரர்.

சாப்பிடும்போது குணா இதை உளறிவிட்டான். லேயா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அது உன் பேரா? என் பேரு."

அதற்குப் பிறகு என்னோடு தமிழில் பேசவில்லை. பிரெஞ்சில் பேசினாள், அதுவும் 'நீங்கள்' போட்டு. பிரெஞ்சில் எந்தப் பிள்ளையும் அப்பாவை அப்படிச் சொல்லாது. குடியிருப்பு கார்டு புதுப்பிக்கிற அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள்தான் என்னிடம் அப்படிப் பேசுவார்கள். 'நீங்கள் தண்ணீர் அருந்துகிறீர்களா?' என்று என் மகள் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

பேனர் வந்தது. வைப்பதற்கு வேறு இடமில்லாமல், எங்கள் தெருமுனையில், சாக்கடை பொங்குகிற அதே இடத்தில் கட்டினார்கள். மூலையில் 'லேயா' என்ற எழுத்து மட்டும் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்த்துப் பேனரை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? இரண்டாம் நாள் திவ்யாவும் அவள் தோழிகளும் அதன் அடியில், தண்ணீருக்குள், ஆளுக்கொரு குடையை விரித்துப் படத்தில் உள்ளபடியே நின்று செல்ஃபி எடுத்தார்கள். அவ்வளவுதான். சாயந்தரத்துக்குள் லாஸ்பேட்டையிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் பையன்களும் பெண்களும் குடையோடு வந்தார்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தைக் கலைக்க வந்து, படத்தைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். தேர்தலுக்கு ஓட்டுப் போடச் சொன்னாலே கொட்டாவி விடுகிற பிள்ளைகள், இந்தச் சாக்கடை யார் பொறுப்பு, எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று கணுக்கால் தண்ணீரில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை வெள்ளைக் கார் வந்தது. பிரமுகர் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். யாரோ விளக்கிச் சொல்லிவிட்டார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, ரெண்டே நிமிசம், பேனர அவுத்துடறோம்" என்றான் அவருடைய ஆள்.

பிரமுகர் பேனரை நிதானமாகப் பார்த்தார். நம்மைப் போல அவசரப்படுகிறவர் அல்ல.

"போடா முட்டாள். அத அவுத்தா எனக்குப் புரியாமப் போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். படம் இருக்கட்டும். தண்ணிய எடு."

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த நிமிஷம்தான். பிறகு வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "பொண்ணு வரைஞ்சதுன்னீங்க. நெசமாவே யாரு வரைஞ்சது?" என்றார்.

லேயா முன்னால் வந்தாள். "கீழ போட்டிருக்குதே" என்றாள்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "சின்னப் பொண்ணுங்க. தெரியாமப் பண்ணிட்டா. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன். கைகூட கூப்பிவிட்டேன்.

பிரமுகர் பேனரைக் கைகாட்டினார். "தெரியாமப் பண்ண மாதிரியா இருக்குது?" என்றார். கார் போய்விட்டது. லேயா உள்ளே போனாள்.

மத்தியானம் உறிஞ்சும் லாரி வந்தது. நான்கு நாளில் தெரு காய்ந்தது. அந்த வாரமே திவ்யா, "அவரு பேசறப்ப பேசட்டும்" என்று தானே மனு எழுதிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். சான்றிதழ் வந்தது. மனு கொடுத்தால் கிடைக்கும் என்பதே எங்கள் குடும்பத்துக்குப் புதுச் செய்தி. கையோடு வாக்காளர் பட்டியலில் சேரவும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாளாம்.

6

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வரலாம். கோட்டோடு போய், மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். என் மகள் செய்த தவறுக்காக, என்று தொடங்குவது. ஆசிரியை குழம்பிப்போனார்.

"எந்தத் தவறு?" என்றார்.

விஷயம் வேறு. இங்கே பள்ளிகளில் பத்திரிகைகளுக்கென்று ஒரு வாரம் வைத்துப் பேச்சும் கண்காட்சியும் நடத்துகிறார்கள். லேயா கருவடிக்குப்பத்துப் பேனரின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். இருபது அடிக் கார்ட்டூனை வரையப்பட்டவரே கட்டி நிறுத்தினார் என்றால் வகுப்பில் ஒருவரும் நம்பவில்லையாம். பார்த்த சாட்சி வந்து சொல்லவேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மறுவாரம் போனேன். முப்பது பிள்ளைகள். பின்வரிசையில் லேயா, என்னைத் தெரியாதவள் மாதிரி. என் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. குடை பெண்ணாகிவிட்டது, தெரு ஆணாகிவிட்டது. ஆனாலும் சிரித்தார்கள். 'தண்ணிய எடு' வந்தபோது மேசையைத் தட்டினார்கள். ஒரு பெண் கை தூக்கினாள்.

"நீங்களும் வரைவீர்களா?"

நான் பதில் தேடுவதற்குள் பின்வரிசையிலிருந்து லேயா சொன்னாள். "வரைந்தார். நிறுத்திவிட்டார்." இதையும் குணாதான் உளறியிருக்கவேண்டும்.

"ஏன்?"

ஏன் என்று முப்பது முகங்கள் பார்த்தன. எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. தமிழும் போதாது. ஆசிரியை வெள்ளைப் பலகைக்கான பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். முதல் கோடு கோணலாகத்தான் போனது. ஒரு தெரு வரைந்தேன். அதில் தொந்தியும் கோட்டுமாக ஒரு ஆள், பொன்னாடையை நீட்டிப் பிடித்தபடி ஓடுகிறான். முன்னால் துரத்துவதற்கு யாருமே இல்லை. அவன் கோட்டுப் பையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டு விழுகின்றன. முகம் வந்தபோது அது அப்பாவாகவும் இருந்தது, நானாகவும் இருந்தது. மாற்றவில்லை.

வகுப்பு சிரித்தது. லேயா சிரிக்கவில்லை. எழுந்து பலகைக்கு வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, இத்தனை பேர் நடுவில், தமிழில் கேட்டாள்.

"நீ கையெழுத்துப் போடலியே ப்பா?"

எட்டு மாதம் கழித்து வந்த அந்த 'நீ'யைக் கேட்டதும் எனக்குப் பலகையில் கோடெல்லாம் கலங்கிப்போயிற்று. ஆனாலும் போட்டேன். கொட்டை எழுத்தில்.

ஆசிரியர் அவர்களுக்கு: முதல் பத்தியை அடிக்கவேண்டாம். நான் அப்படி ஆரம்பித்தவன்தான் என்று தெரியட்டும். குணா போனில் கத்துவான், நான் பார்த்துக்கொள்கிறேன். 'ஒரு புதுவைக்காரர்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

தனசேகரன்
கருவடிக்குப்பம்